யானைக்கும் புலிக்கும் நடுவே வள்ளுவர்

தேனாம்பேட்டை சிக்னலில் வந்து நிற்கும் அரசுப் பேருந்தில் ஏறினால் கண்ணில் படும் உயரத்தில் ஒரு குறள் எழுதியிருக்கும். அங்கிருந்து கிழக்கே நடந்தால் மயிலாப்பூரில் திருவள்ளுவருக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. அவர் பிறந்த ஊர் மயிலை என்று நம்பும் மரபு கட்டிய கோயில் அது. வடமேற்கே நுங்கம்பாக்கத்தில், 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறள்களும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. இப்படி இரண்டு பக்கமும் வள்ளுவர் இருக்கும் வட்டாரத்தில், தினமும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதாலேயே சரியாகக் கவனிக்கப்படாத குறள்கள் பல. அவற்றில் ஒன்று 599ஆம் குறள்.

ஊக்கமுடைமை அதிகாரத்தில் வருவது அது. யானைக்கு உடம்பு பெரிது, தந்தமும் கூர்மையானது. இருந்தும் புலி பாய்ந்து வந்தால் அது நடுங்கிவிடும் என்பது சாரம். பரிமேலழகரின் உரை, பெரிய உடலும் ஆயுதமும் இருந்தும் யானைக்கு ஊக்கம் இல்லை, புலிக்கு அது உண்டு என்று விளக்கிச் செல்கிறது. வகுப்பறையில், “உடம்பு பெரிதல்ல, உள்ளம்தான் பெரிது” என்று ஒரே வரியில் பொருள் சொல்லி அடுத்த குறளுக்குப் போய்விடுவார்கள். ஆனால் நின்று யோசித்தால், இங்கே இரண்டு காட்டு விலங்குகளின் மேல் வைத்துக் கேட்கப்படுவது பழைய, கடினமான ஒரு கேள்வி. ஓர் உயிரின் வலிமை எங்கே இருக்கிறது? சதையிலா, மனத்திலா, அது நிற்கும் இடத்திலா? வலிமை இருப்பதாலேயே ஒருவருக்கு ஏதாவது உரிமை வந்துவிடுகிறதா?

முதலில் உடம்பைப் பார்த்துவிடலாம்.

வளர்ந்த ஆண் ஆசிய யானை நான்கு டன் வரையும் அதற்கு மேலும் எடை இருக்கும். தோள் உயரம் மூன்று மீட்டரை நெருங்கும். ஆண் வங்கப்புலியின் எடை 180 முதல் 260 கிலோ. தராசில் வைத்தால் ஒரு யானைக்குப் பதினைந்து புலிகளுக்கு மேல் வைக்க வேண்டும். யானையின் தும்பிக்கையில் ஓர் எலும்புகூடக் கிடையாது, முழுக்கத் தசைதான். அதே தும்பிக்கை மரத்தையும் சாய்க்கும், கீழே விழுந்து கிடக்கும் ஒற்றைப் பழத்தையும் நுனி விரலால் பொறுக்கும். 2014இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, ஆப்பிரிக்க யானைக்கு வாசனையை உணரும் மரபணுக்கள் ஏறத்தாழ 2000 இருப்பதாகக் கணக்கிட்டது. நாய்க்கு இருப்பதைப்போல இரண்டு மடங்கு அது. 1980களில் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் போர்ட்லாந்து விலங்குக்காட்சி சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் தமக்குள் பேசிக்கொள்கின்றன என்பது அப்போதுதான் அறிவியலுக்குத் தெரியவந்தது.

இவ்வளவு இருந்தும் யானையால் குதிக்க முடியாது. ஜான் ஹட்சின்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தாய்லாந்து யானைகளை ஓடவிட்டுப் படம் பிடித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். யானையின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். அந்த வேகத்திலும் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுவதில்லை.

புலியின் உடம்போ பாய்வதற்கென்றே அமைந்தது. பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நீளம், ஒரே தாவலில் பல மீட்டர் கடக்கும். நகங்கள் உள்ளே மடங்கிக்கொள்வதால் நடக்கும்போது தேயாமல் கூர்மையாகவே இருக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் அரையிருட்டிலும் இரை தெரியும். ஆனால் அதற்கு நெடுந்தூர ஓட்டம் வராது. பதுங்கி, நெருங்கி, ஒரே பாய்ச்சலில் காரியத்தை முடித்தாக வேண்டும். அந்தப் பாய்ச்சல்களிலும் பெரும்பாலானவை வீணாகத்தான் போகின்றன. யானை நாளின் பெரும்பகுதியைத் தின்றே கழிக்கிறது, ஏறக்குறைய 150 கிலோ தீவனம் அதற்கு வேண்டும். ஒன்று ஓயாமல் தின்று உயிர் வாழ்கிறது, மற்றது பல நாள் பொறுத்திருந்து ஒரே வேளையில் வயிறு நிறையத் தின்கிறது. இந்த இரண்டு உடம்புகளையும் ஒரே அளவுகோலில் அளப்பது எப்படி?

காடு இந்தக் கேள்விக்குத் தரும் விடை குறளைவிடச் சிக்கலானது. வளர்ந்த யானையைப் புலி தாக்குவது மிக அரிது. யானைக் கன்றுகளைப் புலி அடித்த சம்பவங்கள் உண்டு. அதனால்தான் புலியின் வாடை வந்தாலே பிடிகள் கன்றுகளை நடுவில் விட்டு நெருங்கி நிற்கின்றன. அப்படியானால் யானை புலிக்கு அஞ்சும் என்று வள்ளுவர் சொன்னது கவிஞரின் கற்பனைதானா?

இல்லை. அதற்குச் சான்று 2013இல் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ என்ற ஆய்விதழில் வெளிவந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த விவேக் துப்பிலும் ரிச்சர்ட் காஸும் தென்னிந்தியாவில் பயிர் மேய வரும் காட்டு யானைகளின் தடத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். வழியின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வைத்தார்கள். யானை அதைக் கடந்தவுடன் ஒலிபெருக்கியிலிருந்து ஓர் உறுமல் வரும். சில இரவுகளில் சிறுத்தையின் உறுமல், சில இரவுகளில் புலியின் உறுமல். சிறுத்தையைக் கேட்ட யானைகள் பிளிறின, சினம் காட்டின, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தன, பிறகுதான் விலகின. புலியைக் கேட்டவை ஒரு சத்தமும் எழுப்பாமல் வந்த வழியே திரும்பிவிட்டன.

அந்த மௌனத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் தத்துவம் தொடங்குகிறது. யானைக்கு ஊக்கம் இல்லை என்று உரையாசிரியரோடு சேர்ந்து சொல்லிவிடலாம். ஆனால் சோதனை வேறொன்றையும் காட்டுகிறது. இரண்டு உறுமல்களையும் யானை பிரித்தறிகிறது. எது மிரட்டி விரட்டக்கூடியது, எது கன்றைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியது என்று எடைபோடுகிறது. பிளிறினால் தான் நிற்கும் இடம் புலிக்குத் தெரிந்துவிடும் என்பதால் வாயை மூடிக்கொள்கிறது என்று எண்ணவும் இடமிருக்கிறது. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை. வள்ளுவரும் அப்படிச் சொல்பவர் அல்ல. அறிவுடைமை அதிகாரத்தில், 428ஆம் குறளில், பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருப்பது அறியாமை என்று அவரே தீர்ப்பளித்திருக்கிறார்.

இன்னும் வியப்பானது அதே ஊக்கமுடைமை அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. 599க்கு இரண்டு குறள் முன்னால் போனால் 597. அங்கே மேனியெங்கும் அம்பு தைத்தும் நிலைகுலையாமல் நிற்கும் ஆண் யானைதான் ஊக்கத்துக்கே உவமை. அழிவு வந்தபோதும் தளராத மனிதருக்கு வள்ளுவர் காட்டும் முன்மாதிரி அது. பத்துக் குறள் உள்ள ஓர் அதிகாரத்தில் ஒரே விலங்கு ஓரிடத்தில் வீரத்துக்கும் மற்றோர் இடத்தில் அச்சத்துக்கும் அடையாளமாக நிற்கிறது. இதை முரண்பாடு என்று நினைப்பவர்கள், யானை என்ற இனத்துக்கு வள்ளுவர் மதிப்பெண் போடுகிறார் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவர் எந்த இனத்துக்கும் மதிப்பெண் போடவில்லை. இன்ன நேரத்தில், இன்ன எதிரியின் முன், இன்ன மனநிலையில் நிற்கும் ஓர் உயிரைத்தான் அவர் பார்க்கிறார்.

விலங்கை அதன் இயல்பில் பார்க்கும் இந்தப் பொறுமை தேனாம்பேட்டையை ஒட்டியே ஒருவரிடம் இருந்தது. இன்று ராதாகிருஷ்ணன் சாலை என்று வழங்கும் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார், தமிழிலும் எழுதினார். காட்டில் கண்ணால் கண்டதை எழுதும் அந்த ஒழுக்கத்தோடு திருக்குறளின் யானைகளைத் திரும்பப் படித்தால், ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட சூழ்நிலையில் நிற்பது தெரியும்.

அதற்கு மிகத் தெளிவான சான்று இடனறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளான 500. அங்கே யானைக்கு எதிரி புலிகூட இல்லை, நரி. வேல்வீரர்களைக் கண்டும் கலங்காத போர்க்களிறு சேற்றில் கால் புதைந்து நின்றால் அதை நரி கொன்றுவிடும் என்கிறார் வள்ளுவர். நம் ஊர்க் குள்ளநரியின் எடை பத்துக் கிலோ அளவில்தான் இருக்கும். நானூறு மடங்கு பெரிய எதிரியை அது வீழ்த்துமா?

யானையின் உடற்கூறு இதற்கு விடை வைத்திருக்கிறது. சாதாரணச் சேற்றில் யானைக்குச் சிரமம் இல்லை. பாதத்துக்குள் கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது. காலை ஊன்றும்போது பாதம் விரியும், தூக்கும்போது சுருங்கும், அதனால் சேறு எளிதில் விட்டுவிடும். ஆழமான சேறுதான் ஆபத்து. குதிக்கத் தெரியாத உடம்பால் ஒரே உந்தில் வெளியே வர முடியாது. இழுக்க இழுக்க அதன் பாரமே அதை அமுக்குகிறது. மற்றப் பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடத்தில் இணைப்புத் திசு நிறைந்திருக்கிறது. அது மூச்சு விட நெஞ்சும் வயிறும் தடையில்லாமல் அசைய வேண்டும். நெஞ்சு தரையில் அழுந்தியபடி நெடுநேரம் கிடந்தால் மூச்சு முட்டத் தொடங்கும். அந்த நிலையில் சுற்றி வரும் நரிக்கு வீரம் தேவையில்லை, காத்திருந்தால் போதும். களிற்றின் சதையும் தந்தமும் துணிவும் குறையாமல் இருக்கின்றன. மாறியது காலடி மண் மட்டும்.

ஆக, வலிமை என்பது ஓர் உயிர் தன் உடம்பில் எப்போதும் சுமந்து திரியும் பொருள் அல்ல. அந்த உயிருக்கும் அதன் எதிரிக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் நடுவில் உண்டாகி மறையும் ஓர் உறவு அது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

மனிதர்களுக்கு இந்த விடை பிடிப்பதில்லை. யார் பெரியவர் என்று ஒரேயடியாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். வியட்நாமின் ஹுவே நகரில் 1830இல் மின் மாங் பேரரசர் இதற்கென்றே ஓர் அரங்கம் கட்டினார். யானையையும் புலியையும் மோதவிட்டு அரசரும் மக்களும் மேலே அமர்ந்து பார்ப்பார்கள். அங்கே யானை அரசின் சின்னம், புலி கலகத்தின் சின்னம். எனவே யானை தோற்கக் கூடாது. அதற்காகப் புலியின் நகங்களையும் கோரைப்பற்களையும் முன்கூட்டியே நீக்கிவிடுவார்கள். கடைசி மோதல் 1904இல் நடந்தது. வட்டச் சுவர் இன்னும் நிற்கிறது. இயற்கையின் தீர்ப்பு என்று மக்கள் முன் காட்டப்பட்டது அரண்மனை முன்பே எழுதி வைத்த தீர்ப்பு. வலியவர் ஆள்வதுதான் இயற்கை என்று சொல்லப்படும் இடங்களில் எல்லாம், யாருடைய நகம் முன்னதாகப் பிடுங்கப்பட்டது என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தமிழ்ச் சமய மரபு இதே இரண்டு விலங்குகளையும் வேறு விதமாகக் கையாண்டது. சிவபெருமான் இடையில் உடுத்தியிருப்பது புலித்தோல், மேலே போர்த்தியிருப்பது யானைத்தோல். தாருகாவனத்து முனிவர்கள் தவத்தால் வந்த செருக்கில் அவர்மேல் ஏவிய விலங்குகள் அவை என்கிறது புராணம். யானையை உரித்த தலமாக மயிலாடுதுறை அருகே வழுவூர் போற்றப்படுகிறது. ஆயுதமாக வந்த இரண்டு வலிமைகளும் அங்கே வெறும் உடைகளாகிவிட்டன. எது வென்றது என்ற பேச்சே அந்தக் கதையில் இல்லை. அதே குடும்பத்தில் மூத்த பிள்ளைக்கு யானை முகம்.

புலிக்கும் அப்படித்தான் ஓர் இடம் கிடைத்தது. தில்லைக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. அந்தப் பெயர்களின் பின்னால் நிற்பவர் வியாக்கிரபாதர், புலிக்கால் முனிவர். வண்டு தொடுமுன் விடியற்காலையில் பூப்பறிக்க வேண்டும், பனியில் நனைந்த மரத்தில் கால் வழுக்கக் கூடாது என்பதற்காக அவர் இறைவனிடம் புலியின் கால்களைக் கேட்டுப் பெற்றார் என்பது தலபுராணம். புலியின் பிடிப்பையும் ஏறும் திறனையும் அவர் கேட்டது பூப்பறிப்பதற்கு. திருவானைக்காவில் யானை தும்பிக்கையில் நீர் கொண்டுவந்து வெண்ணாவல் மரத்தடி லிங்கத்தை நீராட்டியது, சிலந்தி சருகு விழாமல் வலை பின்னியது. யார் செய்வது சரியான வழிபாடு என்று இரண்டும் மோதியபோது இரண்டும் மடிந்தன. திறமைகள் தொண்டாக இருந்தவரை கோயிலில் இரண்டுக்கும் இடம் இருந்தது, போட்டியானபோது இரண்டும் அழிந்தன என்று அந்தக் கதையைப் படிக்கலாம்.

கிரேக்கத்தில் பிளேட்டோ எழுதிய ‘புரோட்டகோரஸ்’ உரையாடலிலும் இதற்கு உறவான ஒரு கதை வருகிறது. உயிர்களுக்குத் திறன்களைப் பங்கிடும் வேலை எபிமீத்தியஸ் என்ற தேவனிடம் வந்தது. சிலவற்றுக்கு வலிமை கொடுத்தான், வேகம் கொடுக்கவில்லை. மெலிந்தவற்றுக்கு வேகம் கொடுத்தான். சிறியவற்றுக்குச் சிறகையோ வளையையோ கொடுத்தான். எந்த இனமும் முற்றாக அழிந்துவிடக் கூடாது என்பதே அவன் கணக்கு. கடைசியில் மனிதனுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. அவனுடைய சகோதரன் புரோமீத்தியஸ் நெருப்பைத் திருடித் தந்தான். நெருப்பும் தொழிலும் கிடைத்தும் மனிதர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டதால், நாணத்தையும் நீதியையும் எல்லா மனிதருக்கும் பங்கிட்டுத் தரும்படி தலைமைக் கடவுள் தன் தூதரை அனுப்பினார் என்று கதை முடிகிறது.

நம் மரபில் தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை வகுத்தபோது எடையையோ பல்லையோ கணக்கில் எடுக்கவில்லை. எத்தனை வகையில் உணர்கிறது என்பதைக் கொண்டே ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தது. விலங்குகளிலும் சிலவற்றுக்கு ஆறாம் அறிவு உண்டு என்று யானையையும் சேர்த்துச் சொல்லும் உரை மரபும் இருக்கிறது. உணர்வே அளவுகோல் என்றால், எது வலியது என்ற கேள்வி பின்னுக்குப் போய், எதற்கு நோகும் என்ற கேள்வி முன்னால் வந்துவிடுகிறது.

வள்ளுவரும் அங்கேதான் வந்து சேர்கிறார். அருளுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் 250. தன்னைவிட எளியவரை அடக்கப் போகிறவன், தன்னைவிடப் பலசாலி ஒருவன் முன்னால் தான் எப்படி நிற்பான் என்று நினைத்துப் பார்க்கட்டும் என்கிறார். 599, 500, 597 மூன்றையும் படித்துவிட்டு இங்கே வந்தால், இது வெறும் இரக்க உபதேசமாகத் தெரியாது. எந்த உயிரும் எல்லோருக்கும் வலியது இல்லை, எல்லோருக்கும் எளியதும் இல்லை. சிறுத்தையின் முன் பிளிறும் யானை புலியின் முன் மௌனமாகிறது, சேற்றில் நரியிடம் தோற்கிறது. நம் ஒவ்வொருவரின் நிலையும் இதுதான். வலிமை ஓர் உறவு என்பது உண்மையானால், இன்று நம் கீழ் நிற்பவரின் இடத்தில் நாளை நாம் நிற்போம். அருள் இந்த அறிவிலிருந்துதான் பிறக்கிறது. தத்துவமும் சமயமும் உயிரியலும் இந்த ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன.

இன்றைய தமிழ்நாட்டில் யானைக்கு மிகப் பெரிய எதிரி புலி அல்ல. 2022 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 306 புலிகள். 2024 கணக்கெடுப்பில் யானைகள் 3063. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் இரண்டும் ஒரே காட்டைப் பகிர்ந்துகொண்டு வாழ்கின்றன. யானை கால் புதைந்து நிற்கும் சேறு இப்போது வேறு இடங்களில் இருக்கிறது: வழித்தடத்தை மறித்த விடுதிச் சுவரில், சட்டத்துக்குப் புறம்பான மின்வேலியில், தண்டவாளத்தில். 2021 நவம்பர் 26 இரவு கோவை அருகே நவக்கரையில், மங்களூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. ஓர் உறுமலைக் கேட்டே ஆபத்தை எடைபோடும் விலங்குக்கு இருப்புப்பாதையில் வரும் வேகத்தை அளக்கும் அறிவை இயற்கை தரவில்லை.

மனிதர்கள் நாணத்தோடும் நீதியோடும் நடந்துகொண்ட தருணங்களும் உண்டு. நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தைக் காக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தந்த தீர்ப்பை 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2024 பிப்ரவரியில் மதுக்கரையில், தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கேமராக்கள் மூலம் கண்டறிந்து ரயில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை அனுப்பும் அமைப்பைத் தமிழக வனத்துறை தொடங்கியது. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவில் யானைகள் கடக்கத் தண்டவாளத்துக்கு அடியில் பாதைகள் கட்டப்பட்டன. காட்டுப் பகுதியில் இரவு ரயில்களுக்கு வேகக் கட்டுப்பாடும் இருக்கிறது.

சென்னையிலிருந்து கேரளத்துக்கு இரவு ரயிலில் போகும் வாசகர்கள் அந்தப் பகுதியில் வண்டி மெதுவாவதை உணர்வார்கள். யாரும் அதற்காகச் சலித்துக்கொள்ள வேண்டாம், வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். அந்தத் தாமதம் நியாயமானது.